ஊஞ்சல் படம் தந்த பாடம்

“பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?” என்பது என் தந்தை அடிக்கடி சொல்லும் பழமொழி. சீயக்காய்த்தூள் அரைத்து விற்பது அவர் தொழில். சரக்கு நன்றாயிருந்தால் பெயர் தானே பரவும் என்பது அவர் நம்பிக்கை. வணிகவியல் மாணவனாகிய என்னால் இன்று அந்தப் பழமொழியோடு முழுதும் உடன்பட முடியவில்லை. அதற்குக் காரணமான நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

எங்கள் பொட்டலத்தின்மேல் ஓர் ஊஞ்சல் படம் இருக்கும். ஊஞ்சலில் நீண்ட சடையோடு ஒரு சிறுமி. என் அக்காவை உட்கார வைத்து, எங்கள் ஊரில் கடைப் பலகை எழுதும் ஓவியர் வரைந்தது. தந்தையின் பெயர் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. சந்தைக்கு வரும் பெண்கள், “ஊஞ்சல் பொடி ஒண்ணு குடுங்க” என்றுதான் கேட்பார்கள். யானை மார்க், குதிரை மார்க் என்று நம் பாட்டிமார் பொருள் கேட்டதும் இவ்வாறுதானே! எழுத்தறியாதவர்க்கும் படம் பேசும். வணிகச் சின்னம் என்று பாடநூல் சொல்வது இதைத்தான்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, ஒரு செவ்வாய்ச் சந்தையன்று, வாடிக்கையாக வாங்கும் ஓர் அம்மாள் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். “உங்க பொடின்னு நம்பித்தானே அண்ணாச்சி வாங்கினேன்? புள்ளைக்குத் தலையெல்லாம் மண்ணும் பிசுக்கும்” என்றார். தந்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே பச்சைத் தாள், அதே ஊஞ்சல். ஆனால் அதில் இரண்டு சிறுமியர் இருந்தனர். “இது நம்ம பொடி இல்லம்மா” என்று சொல்லி, எங்கள் பொட்டலம் ஒன்றை இனாமாக நீட்டினார். அந்த அம்மாள் அதை வாங்கவில்லை.

வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்றார் அம்மா. “அவனவன் பிழைப்பு, விடு” என்றார் தந்தை. ஓராண்டில் விற்பனை பாதியாயிற்று. அக்காவின் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது.

கல்லூரிக்கு வந்தபின்தான் அந்த மௌனத்தின் விலை எனக்குப் புரிந்தது. 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கை வகுப்பில் படித்தோம். ‘அமிர்ததாரா’ என்ற மருந்தின் உரிமையாளர், ‘லட்சுமண்தாரா’ என்ற பெயரைப் பதிவு செய்யக்கூடாது என எதிர்த்தார். இரு பெயரும் மக்களைக் குழப்பும் என்பதை நீதிமன்றம் ஏற்றது. வாங்குபவர் சாதாரண அறிவும் அரைகுறை நினைவும் உள்ளவர் என்றே கருதவேண்டும் என்றது. ஆயினும், நெடுங்காலம் அறிந்தும் எதிர்க்காமல் இருந்துவிட்டதால், உத்தரப் பிரதேசத்தில் விற்பதற்கு மட்டும் லட்சுமண்தாராவைப் பதிவு செய்ய இடம் தந்தது. ஒரு சிறுமிக்கும் இரு சிறுமியர்க்கும் வேறுபாடு பாராமல் வாங்கிய அந்த அம்மாளே என் கண்முன் வந்து நின்றார்.

பதிவு செய்யாத சின்னத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு. தன் சரக்கைப் பிறர் சரக்குப்போல விற்பவர்மீது வழக்குத் தொடரலாம். ஆனால் நாம்தான் முன்னரே பயன்படுத்தினோம், மக்கள் நம்மை அறிவார்கள் என்று மெய்ப்பிக்க வேண்டும். என் தந்தையிடம் ஒரு பழைய ரசீதுகூட இல்லை. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி பதிவு செய்திருந்தால், அந்தச் சான்றிதழே பெருந்துணையாக நின்றிருக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தால் அவ்வுரிமை தலைமுறைகள் தாண்டியும் நிலைக்கும்.

சென்ற விடுமுறையில் தந்தையை வற்புறுத்தி விண்ணப்பித்தோம். தனிநபர் இணையவழி விண்ணப்பிக்கக் கட்டணம் ரூ. 4,500. இப்போது ஊஞ்சலின் ஓரத்தில் ‘டி.எம்.’ என்று போட்டிருக்கிறோம். வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் பதிவு கிடைத்த பிறகே போடலாம். முன்னரே போடுவது குற்றம்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் அப்பளமும் ஊறுகாயும் மாவும் பொட்டலமாகின்றன. பூவின் மணம் கடையைக் காட்டும், உண்மைதான். ஆனால் அடுத்த கடைக்காரர் காகிதப் பூவில் அத்தர் தெளித்தால், அதனால் ஏமாறுவது நாம் மட்டுமல்ல. நம்மை நம்பி வந்த அம்மாளும்தான். அவருக்காகவேனும் நம் சின்னத்தைக் காத்தல் வேண்டும்.

அந்த அம்மாள் இன்னும் எங்களிடம் வாங்க வரவில்லை. செவ்வாய்தோறும் தந்தை அவருக்கென்று ஒரு பொட்டலத்தைத் தனியே எடுத்து வைக்கிறார்.