மூச்சை அடக்காதே!

எட்டயபுரத்துக்காரனுக்கும் ஸ்கூபா டைவிங்குக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்காதீங்க மக்கா. கரிசக்காட்டுல நாங்க பார்த்த ஆழமெல்லாம் கிணத்து ஆழம்தான். ஆனா பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல தூத்துக்குடி. அங்கே முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னு போச்சு. சங்கு குளிக்கிறவங்க இன்னும் இருக்காங்க.

அந்தக் காலத்துல கருவி ரொம்ப சிம்பிள். காலுக்கு ஒரு கல், ஒரு பை, ஒரு கயிறு. மூச்சை அடக்கி இறங்கி, ஒரு நிமிஷம் போல அள்ளிட்டு மேலே வரணும். அப்புறம் படகுல கம்ப்ரஸர் வந்துச்சு. பஞ்சர் கடையில பார்ப்போமே, கிட்டத்தட்ட அதேதான். அதுலேர்ந்து நீளமா ஒரு ட்யூப். வாயில கடிச்சுக்கிட்டா ரொம்ப நேரம் அடியிலேயே இருக்கலாம். வருமானம் கூடும்.

வில்லங்கம் அங்கேதான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மூச்சடக்கி இறங்குபவரின் நுரையீரல் சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும். ஆனால் அடியில் ட்யூப் வழியாக நெஞ்சு நிறைய காற்றை இழுத்தவர், அதை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும். நுரையீரலே கிழியும். தாத்தா காலத்திலிருந்து 'மூச்சை விட்டுடாதே' என்று சொல்லிக்கொடுத்த தொழிலில், முதல் விதியே 'மூச்சை அடக்காதே' என்று தலைகீழாகிவிட்டது.

திரேஸ்புரத்தில் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"மூட்டு வலி வருமா அண்ணாச்சி?"

"வராம இருக்குமா தம்பி? மறுநாள் இறங்கினா சரியாயிடும்."

எனக்குத் திக்குன்னு ஆச்சு. அது வெறும் அலுப்பாகவும் இருக்கலாம். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகக் கிளம்பியதாகவும் இருக்கலாம். மறுபடி ஆழத்துக்குப் போனால் குமிழி சுருங்கும், வலியும் குறையும். குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். முற்றினால் கைகால் விழுந்துவிடும். அதற்கு வைத்தியம் ஆக்ஸிஜனும் அழுத்த அறையும்தான்.

ஸ்கூபா வாங்குறவங்க மாஸ்க் கலரையும் துடுப்பையும்தான் முதல்ல பாப்பாங்க. காசு போட வேண்டிய இடம் வேற. நல்லா சர்வீஸ் பண்ணின ரெகுலேட்டர், மிச்சக் காற்றைக் காட்டும் கேஜ், கூட வர்றவருக்குக் கொடுக்க இரண்டாவது மவுத்பீஸ், ஆழத்தையும் நேரத்தையும் கணக்குப் போடும் டைவ் கம்ப்யூட்டர். மேலே ஏறும் வேகம் நிமிஷத்துக்கு 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் நின்னுட்டு வரணும்.

கம்ப்ரஸர் ட்யூபில் இதெல்லாம் கிடையாது. எஞ்சின் நின்னா காற்று நின்னுச்சு. எங்க ஆபீஸ் பாஷையில சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர். எஞ்சின் புகை காற்று இழுக்கிற பக்கம் திரும்பினால் கார்பன் மோனாக்சைடு நேரா நுரையீரலுக்குப் போகும். அதுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

அந்த அண்ணாச்சிக்குக் கடலைச் சொல்லிக்கொடுக்க நான் யாரு? கடல் அவருக்கு அத்துப்படி. காற்றைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லை. கம்ப்ரஸரை விற்றவர் அதையும் சேர்த்து விற்றிருக்க வேண்டும்.

டிஸ்கி: அந்தமான் போய் டைவ் அடிக்கிற மக்களே, முடிச்ச கையோட ஃப்ளைட் ஏறாதீங்க. 18 மணி நேரமாவது கழியட்டும். அதே குமிழிதான் காரணம் :-)