பறுவம்

நமது கல்லூரியின் விழாமலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியன் என்ற முறையில் யான் அகத்திணை பற்றியோ உவமைநயம் பற்றியோ எழுதுவேன் என்றே எண்ணியிருப்பர். யானும் அவ்வாறே தொடங்கினேன். ஆனால் சென்ற ஆண்டு எம் குடும்பத்தில் எழுந்த விவகாரமொன்று என் வாசிப்பை வேறு திசையிற் செலுத்திவிட்டது. பொருள் வழுக்கைத் தலை. பழைய மாணவர் கூடும் நாளில் மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து முன்னோக்கிப் பார்த்தவர் எவரும் இப்பொருள் இம்மலருக்குப் பொருந்தாது என்று கூறார்.

எனக்கு நெற்றி உயரத் தொடங்கியது கோப்பாயில் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாட்களிலாகும். கிணற்றடியில் முழுகித் தலை துவட்டினால் துவாயில் மயிர் அப்பிக்கிடக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரிற் சுண்ணாம்பு மிகுதி, அதுவே காரணம் என்றனர் நண்பர் சிலர். அதே நீரில் முழுகிய எம் அன்னையார்க்கும் தமக்கையார்க்கும் கூந்தல் குறையவில்லையே என்று எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பத்திரிகை விளம்பரத்திற் கண்ட மூலிகைத் தைலமொன்றை ஆறு மாதம் பூசினேன். தலையணையுறைகள் கறுத்தன, தலை கறுக்கவில்லை. பின்னாளில் மாணவர் எனக்குப் ‘பறுவம்’ எனப் பெயரிட்டதை யான் அறிவேன். நல்ல தமிழ்ச்சொல்லாய் இருந்தமையால் கண்டிக்கவில்லை.

ஈண்டு ஒரு சொல்லைப் பற்றிக் கூறிவிடுதல் நன்று. வகுப்பில் மயிர் என்று உச்சரித்தால் பின்வாங்கிலில் நகைப்பு எழுகின்றது. நம் பாட்டன்மாரோ தலைமயிர் வெட்டப் போவதாகப் பெரியோர் முன்னிலையிலும் கூசாது கூறினர். மானிப்பாயில் 19 ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூற்று நூலையும் தமிழாக்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர் அமெரிக்க நாட்டவர். உடலைப் பற்றித் தமிழிற் பேச அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

விவகாரத்துக்கு வருகிறேன். என் தமக்கையாரின் மகனுக்கு வயது 23. இரண்டாண்டாக அவனைத் தொப்பியின்றி எவரும் கண்டதில்லை. ஊர்க் கோயிலிற் சாமி காவுவதில் முன்னிற்கும் பிள்ளை. தொப்பியோடு வீதி சுற்ற முடியாதாகையால் திருவிழாவுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். நல்லூர்த் தேருக்கும் வரவில்லை. ஒருநாள் தமக்கையார் வந்து, தம் காப்புகளை அடைவு வைத்து மகனைச் சென்னைக்கு அனுப்பப் போவதாகவும், அங்கே தலையில் மயிர் நடுவித்துக்கொண்டு வருவான் எனவும் கூறி அழுதார். யான் அவனை அழைத்து, “ஏனடா இந்த அவசரம்?” என்று கேட்டேன். அவன் நிமிர்ந்து பாராமலே, “மாமா, உங்கட தலைதான் எனக்கு வந்திருக்கு. நீங்கள் பேசாதேங்கோ” என்றான். அவன் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

இக்குற்றச்சாட்டை ஆராயவே யான் படிக்கத் தொடங்கினேன். ஆண்மகன் தன் எக்ஸ் நிறமூர்த்தத்தைத் தாயிடமிருந்தே பெறுகின்றான். ஆண் ஓமோனை ஏற்கும் வாங்கியை ஆக்குகின்ற பரம்பரையலகு அந்நிறமூர்த்தத்திலேயே இருக்கிறது. அதன் சில வடிவங்கள் வழுக்கையோடு தொடர்புடையன என 2001 முதல் ஆய்வுகள் காட்டிவந்துள்ளன. ஆகவே மருமகனின் வாதம் அரைப்பங்கு மெய். என்னிடமிருந்து அவனுக்கு எதுவும் போகவில்லை. என் தாயார் எனக்கு அளித்ததையே என் தமக்கைக்கும் அளித்து, அது தமக்கை வழியாக அவனை அடைந்திருக்கலாம். தாயார்க்கு அது தம் தந்தையிடமிருந்து வந்திருக்கலாம். சான்றுக்குப் பாட்டனாரின் படத்தைப் பார்ப்போமெனில், இருந்த ஒரே படமும் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது வீட்டோடு போயிற்று. அப்படத்திலும் அவர் தலைப்பாகையோடு நின்றதாகவே என் நினைவு. அன்னையாரைக் கேட்டேன். “அப்புவுக்கு உச்சியிலை ஒண்டுமில்லை. அதை மறைக்கத்தானே தலைப்பா கட்டினவர்” என்று கூறிச் சிரித்தார். மருமகனும் பக்கத்தில் இருந்து கேட்டான்.

எனினும் தாய்வழி மட்டுமே வழியன்று. 2017 இல் 52,000 க்கு மேற்பட்ட பிரித்தானிய ஆண்களின் பரம்பரைக் கூறுகளை ஆராய்ந்தோர் வழுக்கையோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டனர். அவற்றுட் பெரும்பாலானவை தந்தையும் தாயும் ஒப்பத் தரும் நிறமூர்த்தங்களில் உள்ளன. என் மருமகனின் தந்தையார்க்கு நரைத்த தலை நிறைய மயிர் இருப்பதால் அவரை இவ்வழக்கிலிருந்து விடுவிக்கலாமோ என்றால் அதுவும் இயலாது.

ஓமோனுக்கும் வழுக்கைக்கும் உள்ள உறவைப் பண்டைக் கிரேக்கரே ஊகித்திருந்தனர். விதை நீக்கப்பட்டவர்க்கு வழுக்கை விழுவதில்லை என்று அரிஸ்ரோட்டில் எழுதினார். அதனை முறையாக நிறுவியவர் அமெரிக்க உடற்கூற்றியலாளர் யேம்ஸ் ஹமில்ற்றன். 1942 இல் அவர் வெளியிட்ட ஆய்விலே, பருவமெய்துமுன் விதை இழந்தவர்க்கு வழுக்கை விழவில்லை. தெசுத்தோசுத்திரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கையுள்ளவர்க்கு அது தொடங்கியது. கொடுப்பதை நிறுத்தியதும் வழுக்கை பரவுவது நின்றது. போன மயிர் மீளவில்லை. எனவே ஓமோன் மட்டும் போதாது, பிறப்பும் வேண்டும். வழுக்கையர்க்கு ஆண்மை மிகுதி என்று எம்மனோர் தம்மைத் தேற்றிக்கொள்வதற்கும் இதில் இடமில்லை. ஓமோனின் அளவிலன்று, அதனை ஏற்கும் மயிர்க்காலின் இயல்பிலேயே வேற்றுமை உளது.

தலையில் ஏறக்குறைய ஓரிலட்சம் மயிர்க்கால்கள் உள. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில வாரம் சுருங்கி, மூன்று மாதமளவில் ஓய்ந்து, மீள வளரும். தெசுத்தோசுத்திரோனை நொதியமொன்று இருஐதரோதெசுத்தோசுத்திரோன் என்னும் வலிய பொருளாக மாற்றுகின்றது (மாணவர்கள் இப்பெயரை மூச்சுவிடாமற் சொல்லிப் பழகலாம்). உச்சியிலும் முன்னெற்றியிலும் உள்ள மயிர்க்கால்கள் இதன் ஏவலால் தம் வளர்காலத்தைக் குறுக்கிக்கொள்கின்றன. தடித்த மயிர் தந்த கால் அடுத்த சுற்றில் மெல்லிய மயிரையும், அதற்கடுத்து கண்ணுக்குப் புலப்படாப் பூமயிரையும் தருகின்றது. வழுக்கைத் தலையும் வெறுந்தரையன்று. பிடரியிலுள்ள மயிர்க்கால்களோ அதே குருதியில், அதே ஓமோனில் ஊறியும் அசையாமல் நிற்கின்றன.

அந்நொதியத்தின் பங்கு வெளிப்பட்ட கதை வியப்பானது. டொமினிக்கன் குடியரசின் சிற்றூரொன்றில், பிறப்பிற் பெண்ணென்று எண்ணி வளர்க்கப்பட்ட சில பிள்ளைகள் பருவமெய்தியபோது ஆண்மக்களாயினர். அவர்களிடம் இந்நொதியம் குறைவென்று 1974 இல் யூலியன் இம்பெராற்றோ மக்கின்லி குழுவினர் அறிவித்தனர். அவர்கள் வளர்ந்த பின் புரொஸ்டேட் சுரப்பி சிறிதாயிருந்தது. நெற்றி மயிர் பின்வாங்கவில்லை. இவ்விரு குறிப்புகளிலிருந்தும் பினாஸ்ரெறைட் என்னும் மருந்து பிறந்தது. அமெரிக்காவில் 1992 இற் புரொஸ்டேட் வீக்கத்துக்கும், 1997 இல் ஒரு மில்லிகிராம் அளவில் வழுக்கைக்கும் அனுமதி பெற்றது. பலரிடம் இழப்பைத் தடுக்கின்றது என்பது மெய். சிலரிடம் ஆண்மைக்குறைவும் மனச்சோர்வும் உண்டாக்குவதும் மெய். தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளுள் ஒன்றென ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டினர் 2025 இல் உறுதிசெய்தனர். என் மருமகன் இம்மாத்திரையை எவர் ஆலோசனையுமின்றி இணையவழியாக வாங்கி நான்கு மாதம் விழுங்கியிருந்தான் என்பதை அப்போதே அறிந்தேன். கோயிலுக்கும் வராது அறைக்குள் கிடந்த பிள்ளையை அதுவரை வேறு கண்கொண்டு பார்த்திருந்தேன். தொப்பி ஒருபுறம் இருக்க, அந்த மாத்திரைதான் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

பூசுமருந்தான மினொக்சிடில் முதலிற் குருதியமுக்க மாத்திரையாக 1979 இல் வந்தது. உண்டவர்க்குக் கன்னத்திலும் கையிலும் மயிர் முளைத்ததால், 1988 இல் தலைக்குப் பூசும் திரவமாயிற்று. பூசும்வரை பயன்; நிறுத்தினாற் சில மாதத்தில் பழைய நிலை.

மயிர் நடுதலை 1939 இல் யப்பானியரான ஒக்குடா எழுதினார். 1950 களில் நியூயோர்க்கில் நோர்மன் ஒறென்றைச் வழுக்கைக்கு அதனைக் கையாண்டார். பிடரி மயிர் முன்னெற்றியில் நட்டாலும் பிடரிக் குணத்தை இழக்காது என்பதே அதன் அடிப்படை. இது பின்வளவுத் தென்னம்பிள்ளையைப் பிடுங்கி முன்வளவில் நடுவதை ஒக்கும். வளவில் உள்ள பிள்ளைகளின் தொகை கூடுவதில்லை. 2016 இற் சென்னையில் அழகுநிலையமொன்றில் இச்சிகிச்சை பெற்ற மருத்துவ மாணவரொருவர் இரண்டொரு நாளில் உயிரிழந்த செய்தியை யான் தமக்கையார்க்கு வாசித்துக் காட்டினேன். தகுதிவாய்ந்த வைத்தியர் கையில் இது பெரும்பாலும் ஆபத்தற்றதே. எனினும் மலிவென்று ஏறும் படிக்கட்டை முதலிற் பார்க்கவேண்டும். காப்புகள் மீளவும் பெட்டிக்குட் போயின.

புதிய மயிர்க்காலையே ஆக்கும் முயற்சி இன்னும் ஆய்வுகூடத்தில்தான் உள்ளது. 1999 இல் டர்ஹம் பல்கலைக்கழகத்துக் கொலின் யகோடா தம் தலையிலிருந்து எடுத்த மயிர்க்கால் உறையின் கலங்களைச் சக ஆய்வாளரான பெண்ணின் கையில் வைக்க, அங்கே மயிர் முளைத்தது. இன்னொருவர் தந்த கலங்களை அவர் உடல் தள்ளவுமில்லை. மயிர்க்காலின் அடிக்கணுவிலுள்ள கலங்களைத் தட்டிற் பெருக்கினால் அவை தம் கடமையை மறந்துவிடுகின்றன. 2013 இல் அவற்றைத் தொங்கும் துளிகளில் உருண்டையாகத் திரளவிட்டபோது, ஏழு பேரிடம் எடுத்தவற்றுள் ஐவரின் கலங்கள் எலியின் மேல் ஒட்டிய மனிதத் தோலில் மயிரை முளைப்பித்தன. வழுக்கை உச்சியிலும் மூலக்கலங்கள் அழியாதிருக்கின்றன, அவை மேற்கொண்டு வளரும் கலங்களாக மாறுவதே தடைப்படுகின்றது என 2011 இல் ஓர் ஆய்வு கூறிற்று. இதைச் சொன்னபோதுதான் மருமகன் முதன்முதலில் என் முகத்தைப் பார்த்து, “அப்ப அது இன்னும் இருக்குதோ, மாமா?” என்று கேட்டான்.

அடுத்த வாரம் அவனைத் தோல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். மாத்திரையை நிறுத்தும்படி கூறிய அவர், அவனோடு தனியே நெடுநேரம் பேசினார். 23 வயதில் மயிர் நடுதல் தகாது என்றும் கூறினார். நட்டது முன்னே நிற்க, சூழ உள்ள மயிர் பின்னும் உதிருமாயின், குளத்தின் நடுவே திட்டுப்போல அது தனித்து நிற்கும் என்பது அவர் விளக்கம். பூசுமருந்து ஒன்றைத் தந்து, ஆறு மாதத்தின் பின் வரச் சொன்னார். தொடக்கத்திற் சில வாரம் கூடுதலாக உதிரும், அஞ்சவேண்டாம் எனவும் எச்சரித்தார். உதிர்ந்தது. மருமகன் நாள்தோறும் சீப்பில் வந்ததை எண்ணி ஒரு கொப்பியிற் குறித்து வைத்திருக்கிறான். இவ்வாண்டுக் கொடியேற்றத்தன்று பிற்பகல் எம் வீட்டுக்கு வந்தவன், படலையடியில் தொப்பியைக் கழற்றிச் சைக்கிள் கைபிடியில் மாட்டிவிட்டு, “வாங்கோ மாமா, சாமி வெளிக்கிடப் போகுது” என்றான்.