பச்சைமலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்

திருச்சியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் துறையூர். அங்கிருந்து சோபனபுரம் வழியாக மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. பச்சைமலைக்குச் சுற்றுலா வருபவர்கள் மங்களம் அருவியில் குளித்துவிட்டு, பலாப்பழமும் முந்திரியும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். இங்குள்ள பள்ளிக்கூடத்தை எட்டிப்பார்ப்பவர்கள் குறைவு.

இந்த மலையின் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். பேசுவது தமிழ்தான். மரவள்ளிக் காட்டுக்கும் முந்திரித் தோப்புக்கும் நடுவே அவர்களின் சிற்றூர்கள் தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன. தொடக்கப் பள்ளி பக்கத்திலேயே இருந்தாலும், அதற்கு மேல் படிக்கத் தூரம் போகவேண்டும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள் சமவெளியில் பெரிய உதவி. இங்கே ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

அதனால்தான் இங்கே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் முக்கியம். பெற்றோர் கூலி வேலைக்கு வெளியூர் போனாலும், பிள்ளைக்குச் சாப்பாடும் படுக்க இடமும் உண்டு. தொடக்கப் பள்ளிகளுக்கு 2022-ல் வந்த காலை உணவுத் திட்டமும் வெறும் வயிற்றோடு வரும் குழந்தைகளுக்குத் தெம்பு. ஆனால் ஆசிரியர் இடம் காலியாக இருந்தால், விடுதி இருந்தும் பாடம் நடக்காது. அறுவடைக் காலத்தில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், போன பிள்ளை திரும்பாமலும் போகலாம்.

இத்தனையையும் தாண்டி, 2024-ல் இந்த மலைப் பகுதியின் அரசு பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் ஜே.இ.இ. தேர்வில் தேறி, திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தார். அவரது படிப்புச் செலவை அரசே ஏற்றது. மலைப் பிள்ளைகளுக்குத் திறமை போதாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு மே மாதமும் தேர்ச்சி விகிதம் வெளியாகும்போது மலைப் பள்ளிகளை மற்ற பள்ளிகளோடு ஒப்பிடுகிறோம். அந்தக் கணக்கில் வருவது தேர்வு எழுதியவர்கள் மட்டுமே. எட்டாம் வகுப்போடு மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்ட பையன் அதில் தோற்றவனாகக்கூட இல்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? மலைப் பள்ளியைப் பற்றி முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.