வீரமும் பணிவும்: சில குறிப்புகள்

'ரோலாந்தின் பாடல்', ஏறத்தாழ 1100-ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் காவியம். மன்னர் சார்லிமேனின் பின்காவல் படைக்கு ரோலாந்து தலைவன். பகைவர் பெருந்திரளாய் வருவதைக் கண்ட நண்பன் ஒலிவியே, கொம்பை ஊதி மன்னரை அழைக்கும்படி மீண்டும் மீண்டும் மன்றாடுகிறான். உதவி கேட்பது குலத்துக்கு இழுக்கு என்று மறுக்கிறான் ரோலாந்து. கடைசியில் அவன் ஊதும்போது, 20,000 பேரில் மிஞ்சியவர் மிகச் சிலர். இவர்கள் மாண்டது உன் முரட்டுத் துணிச்சலால் என்று ஒலிவியே முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். கவிஞர் ரோலாந்தை வானவர் கையில் சேர்க்கிறார். ஆனாலும் அந்தச் சொல்லை அழிக்கவில்லை.

*

14-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பெயர் தெரியாத ஆங்கிலக் கவிஞர் ஒருவர் பாடியது 'சர் கவெய்னும் பச்சை வீரனும்'. புத்தாண்டு விருந்துக்குள் குதிரையோடு நுழையும் பச்சை வீரன், என்னை ஒரு வெட்டு வெட்டுங்கள், ஓராண்டு கழித்துத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறான். அவை வாயடைத்து நிற்க, மன்னர் ஆர்தரே கோடரியை எடுக்கிறார். அப்போது அவரது வீரன் கவெய்ன் எழுந்து, இங்கே நானே வலுவிலும் அறிவிலும் குறைந்தவன், என் உயிர் போனால் இழப்பு சிறிது என்று சொல்லி அதைக் கேட்டு வாங்குகிறான். இந்தப் பணிவுக்கு அவன் வைக்கும் பணயம் தன் கழுத்து.

*

பின்னர் கவெய்னும் தவறுகிறான். அணிந்தவர் உயிரைக் காக்கும் என்று சொல்லித் தரப்பட்ட ஒரு பச்சைக் கச்சையை, உயிராசையால் வாக்கை மீறி மறைத்துக்கொள்கிறான். நாடு திரும்பியதும் அதையே அடையாளமாக அணிந்து, அவையில் தன் குற்றத்தைச் சொல்கிறான். அவையோரும் ஆளுக்கொரு பச்சைக் கச்சை அணிகிறார்கள். ஒருவன் ஒளிக்காத குறை அனைவரையும் பிணைக்கிறது.

*

1356, புவாத்தியே போர். சிறைப்பட்ட பிரெஞ்சு மன்னர் ஜானுக்கு, வென்ற இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் தாமே உணவு பரிமாறினார் என்று எழுதுகிறார் அக்கால வரலாற்றுப் பதிவாளர் ஃபுருவாசார். வீரநெறியின் உச்சமாகப் பலரும் போற்றும் காட்சி. அதே ஃபுருவாசார்தான் 1370-இல் லிமோஷ் நகரில் அதே இளவரசரின் ஆணையால் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் மக்கள் கொல்லப்பட்டதையும் எழுதினார். அவர் தரும் எண்ணிக்கை மிகை என்பர் வரலாற்றாசிரியர்கள். இரண்டு பக்கங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

*

ஆங்கிலக் கவிஞர் சாசர் போரில் பிடிபட்டு, பணயத்தொகை கொடுத்து மீட்கப்பட்டவர். 'கான்டர்பரி கதைகள்' நூலில் அவர் படைத்த வீரர் 15 போர்கள் கண்டவர். கவசத் துரு படிந்த உடையோடு நேராகப் புனிதப் பயணம் வருகிறார். எந்த நிலையினரிடமும் கடுஞ்சொல் பேசாதவர். அரசருக்கு மட்டும் காட்டும் பணிவல்ல இது.

*

ரோலாந்து பணிந்திருந்தால் ஒரு படை ஊர் திரும்பியிருக்கும். கவெய்ன் பணிந்ததால் ஆர்தருக்கு வரவிருந்த ஆபத்து விலகியது. எளியவர்களைக் காக்காத பணிவை அரண்மனை மரியாதை எனலாம். தலைமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.