ஒரு வெள்ளைக்கு எத்தனை வெள்ளை?

வெள்ளை என்றால் ஒரே வெள்ளைதான் என்று ஐம்பத்து மூன்று வயது வரையில் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கேட் தூண்தான் அந்த அறியாமையைப் போக்கிற்று.

கார் வந்து சரியாக நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம்! நிறம், முத்து வெள்ளை. முப்பது வருஷமாகக் கார் ஓட்டியவர் என் கணவர். ஆனால் இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து, இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருந்தார்கள். அதுவரை அவர் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று ஏற்பாடு. அதனால்தான் நான் அந்த வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டேன். "உனக்கு வரும், பயப்படாதே" என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தவரும் அவரேதான்.

அவர் தம் தங்கை வீட்டுக்குக் கும்பகோணம் போயிருந்த சமயம். காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியவள், கேட்டுக்குள் கொஞ்சம் அவசரமாகத் திருப்பிவிட்டேன். தேங்காய் துருவுவது போல ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், பின்கதவில் இரண்டடி நீளத்துக்குக் கோடு!

வாசலில் உட்கார்ந்திருந்த மாமியார் நிதானமாகக் கேட்டார்: "ஏம்மா, அந்தத் தூண் நேத்து வரைக்கும் அங்கேதானே இருந்தது?"

பக்கத்து வீட்டு மாமி பற்பசை போட்டுத் தேய்க்கச் சொன்னாள். எதிர் வீட்டுப் பெண் நகப்பூச்சைக் கொண்டுவந்து நின்றாள். நல்ல வேளை, இரண்டையும் செய்யவில்லை. கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேல்பூச்சோடு போயிற்று, பாலிஷ் போட்டாலே சரியாகிவிடும். நகம் மாட்டினால் வர்ணமே பெயர்ந்துவிட்டது என்று அர்த்தம். என் நகம் நன்றாகவே மாட்டியது. ஓரிடத்தில் தகடுகூடப் பளபளவென்று தெரிந்தது. சென்னையின் உப்புக் காற்றில் அதை அப்படியே விட்டால் துரு பிடிக்கும்.

இன்ஷூரன்ஸில் கேட்கலாமே என்பீர்கள். கேட்டால் அவருடைய போனுக்கல்லவா செய்தி போகும்! அதுவும் போக, முதல் வருஷம் க்ளெய்ம் எதுவும் இல்லாமல் கழிந்தால், மறு வருஷம் காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவிகிதம் தள்ளுபடி உண்டு. ஐந்து வருஷம் அப்படியே இருந்தால் அது 50 வரை ஏறும். ஒரு கோட்டுக்காக அதை ஏன் இழப்பானேன்? சிறுவாட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு புதுப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன்.

பெயின்டர் வயதானவர். கதவோரத்துத் தகட்டில் இருந்த வர்ண நம்பரைக் குறித்துக்கொண்டார்.

"நம்பர்தான் இருக்கே, அப்படியே கலந்து அடிச்சிடலாமே?" என்றேன்.

"நம்பர் ஜாதகம் மாதிரிம்மா. ஆளை நேரிலே பார்க்கணும்" என்றார் அவர்.

ஒரே நம்பர் வர்ணமானாலும் கலவைக்குக் கலவை சற்று மாறுமாம். வெயில் பட்ட காருக்கும் படாத காருக்கும் வித்தியாசம் இருக்குமாம். அதிலும் முத்து வெள்ளைக்கு அடியில் பிரைமர், அதன்மேல் வெள்ளை, அதன்மேல் முத்துப்பொடி கலந்த மெல்லிய பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போல் கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனந்தான்! முத்துப்பூச்சு ஒரு கை கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறிப்போகும்.

ஆகவே, முதலில் சின்ன அட்டைகளில் அடித்துக் காயவைத்தார். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வாசல் வெயிலுக்கு வந்து கதவோடு வைத்துப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தி. நகரில் புடைவைக்கு ரவிக்கைத் துண்டு பார்க்கும்போது, கடை விளக்கை நம்பாமல் வாசலுக்கு ஓடிவருகிறோமே, அதே கதைதான்! மூன்று அட்டை தள்ளுபடியாகி நாலாவது ஒத்துவந்தது.

பிறகு எமரித்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார்கள். மெல்லியதாகப் பட்டி, அதன்மேல் பிரைமர். கண்ணாடியை மறைக்கப் பழைய பத்திரிகைகளை ஒட்டினார்கள். அதில் ஒரு தொடர்கதைப் பக்கம். கதாநாயகி உண்மையைச் சொல்ல வாய் திறக்கும் இடத்தில் 'தொடரும்' போட்டிருந்தது!

புது வர்ணத்தைக் கோட்டோடு நிறுத்தாமல், பக்கத்து முன்கதவு வரையில் இலேசாகப் படரவிட்டார் பெயின்டர்.

"அடிபடாத கதவுக்கு எதுக்கு?" என்றேன்.

"ஓரிடத்திலே வெட்டி நிறுத்தினா கண்ணு கண்டுபிடிச்சிடும்மா. கரைச்சுவிட்டா ஏமாந்துடும்."

இரண்டு கதவுக்கும் முழுசாகக் கிளியர் கோட் அடித்து, அறுபது டிகிரிச் சூட்டில் அரை மணி நேரம் வைத்தார்கள். மூன்றாம் நாள் வண்டி வந்தது. எந்த இடத்தில் கோடு இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை இவர் வந்தார். பெட்டியை வைத்ததும் நேரே காரிடம் போனார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

"என்னடி இது, நிறம் வேறே மாதிரி இருக்கு!"

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

"வலது கண்ணுக்குப் பால் மாதிரி இருக்கு. இடது கண்ணுக்குச் சந்தனம் மாதிரி இருக்கு" என்று குழந்தை போலச் சிரித்தார். புரை விழுந்த கண்ணுக்கு எல்லாம் மஞ்சள் பூத்துத்தான் தெரியுமாம். அப்பாடா, தப்பித்தேன்!

ஆனால், அடுத்த மாதம் கண்ணில் கட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வரப்போகிறவர் அவர். பார்க்க முடியாதவரை ஏமாற்றிவிட்டு அவருக்குச் சாரதியாக இருப்பதா? மளமளவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கொஞ்சமும் திகைக்கவில்லை.

"தெரியுமே! உள்ளே நுழையறபோதே தூணைப் பார்த்தேன். இரண்டடிக்கு முத்து வெள்ளை!"

காருக்கு நாலு அட்டை வைத்து ஒத்துப் பார்த்தவள், தூணைத் திரும்பிப் பார்க்கவே இல்லை!

"அப்போ... ஆஸ்பத்திரிக்கு டாக்சி சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? நீதான் ஓட்டறே. வேணும்னா தூணை ஓரடி தள்ளி வெச்சுடலாம்" என்றார்.

தூணுக்கு நான் சுண்ணாம்பு அடிக்கவில்லை. வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துத்தான் திருப்புகிறேன்.