ரெண்டரை இஞ்ச்

யூரியூப்பில பாத்தால் நாற்பது நிமிச வேலை. ஒரு அவுஸ்திரேலியக்காரர் சீமெந்து போட்ட கராஜுக்குள்ள நிண்டு, பெட்டியைத் திறந்து லிப்ட் கிட்டை எடுக்கிறார். பழைய ஸ்பிரிங்கைக் கழட்டுறார், புதுசைப் பூட்டுறார், கடைசியில கமராவைப் பாத்துச் சிரிக்கிறார். வாகனம் நாலு விரல் உயர்ந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிக்குது. அவரின்ர கையில கிரீஸ்கூட இல்லை. அதைப் பாத்துத்தான் நாங்கள் தொடங்கினோம். எங்களுக்கு மூண்டு நாள் எடுத்தது. பிறகு அதைத் திருப்பி இறக்க அரை நாள்.

நாங்கள் எண்டால் நாலு பேர். எல்லாரும் ஒரே அம்மம்மாவின்ர பேரப்பிள்ளைகள். ரெண்டு பேர் கலைப்பீடம், ஒருத்தன் ரெக்னிக்கல் கொலிஜில மோட்டார் வேலை படிக்கிறவன், கடைசி ஆள் ஏ.எல். எழுதிப்போட்டு சும்மா இருக்கிறவன். ஜீப் மாமாவின்ரது. சுசுக்கி எஸ்.ஜே. 410. ஆயிரம் சீ.சீ. எஞ்சின், நாலு மூலையிலயும் வில்லு மாதிரி வளைஞ்ச ஸ்பிரிங் பிளேட், முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில ரெண்டு மீற்றர்தான். எங்கள் எல்லாரையும் விட அதுக்கு வயசு கூட. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவங்கள், 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்குத் திறந்துவிட்டாங்கள். அந்த இடைப்பட்ட காலத்தில இப்பிடியான கிழட்டு ஜீப்புகளுக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. மாமாவிட்ட வந்து கேட்டவை கனபேர். அவர் குடுக்கேல்லை.

குடுக்காததுக்குக் காரணம் எங்கட றோட்டு. ஒட்டுசுட்டானில இருந்து உள்ளுக்குப் போற கிறவல் றோட்டு அது. மாரி தொடங்கினால் ரக்ரர் சில்லுகள் ரெண்டு பக்கமும் ஆழமாக் குழி வெட்டிப்போடும். நடுவில மண் முதுகு மாதிரி எழும்பி நிக்கும். சின்னச் சில்லு வாகனம் அந்தக் குழிக்குள்ள இறங்கினால், பின் அச்சில இருக்கிற டிபரன்சல் உருண்டை அந்த முதுகில குந்திக்கொள்ளும். பிறகு சில்லு சும்மா சுத்தும், வாகனம் நகராது. போன மாரியில ஒரே இடத்தில மூண்டு தரம் இறுகினோம். மூண்டாந்தரம் இழுத்துவிட்ட ரக்ரர்கார அண்ணை, "தம்பியவை, இதைக் கொஞ்சம் உயத்துங்கோவன்" எண்டார். அவர் பகிடிக்குச் சொன்னாரோ தெரியாது. நாங்கள் அண்டிரவே யூரியூப்பைத் திறந்துவிட்டோம்.

வாகனத்தை உயர்த்தக் கன வழி இருக்கு. பெட்டியில வாற முழுக் கிட்டில புது ஸ்பிரிங், நீளமான சொக் அப்சோபர், யூ போல்ட், புஷ் எல்லாம் சேர்ந்து வரும். அதின்ர விலையைப் பாத்திட்டு போனை மூடி வைச்சோம். அடுத்தது, அச்சுக்குக் கீழ இருக்கிற ஸ்பிரிங்கை அச்சுக்கு மேல தூக்கி வைக்கிறது. இந்த எஸ்.ஜே. வகைக்கு அதில மட்டும் ஒரு ஐஞ்சு இஞ்ச் உயரம் வரும். ஆனா புதுசா வெல்ட் பிடிக்கவேணும், ஸ்ரேறிங் கம்பியை மாத்தவேணும். ரெக்னிக்கல் கொலிஜ்காரனே "அது வேண்டாமடா" எண்டான். மிஞ்சினது ஏழையளின்ர வழி. ஸ்பிரிங் அடுக்குக்குள்ள இன்னொரு பிளேட்டைச் செருகிறது, ஸ்பிரிங்கைச் செசியோட தொடுக்கிற சக்கிளை நீட்டிறது. சக்கிளை நீட்டிறதில ஒரு கணக்கிருக்கு. ஸ்பிரிங்கின்ர ஒரு நுனிதான் சக்கிளில தொங்குது. அதால சக்கிளை ரெண்டு இஞ்ச் நீட்டினால் நடுவில இருக்கிற அச்சுக்கு ஒரு இஞ்ச்தான் கிடைக்கும். அந்த ஒண்டும், பிளேட்டால ஒண்டரையும், மொத்தம் ரெண்டரை. லேத் கடையில சக்கிள் வெட்டினோம். கழிச்ச ஸ்பிரிங்குகளுக்குள்ள இருந்து பிளேட் பொறுக்கினோம். ரெண்டு பேரின்ர மஹாபொல அதோட சரி.

முதலாம் நாள் முழுக்கக் கறளோட சண்டை. நட் ஒண்டும் அசையேல்லை. மண்ணெண்ணெய் ஊத்தினோம், சுத்தியலால தட்டினோம், ஸ்பனருக்கு மேல இரும்புக் குழாயைச் செருகி ரெண்டு பேர் தொங்கினோம். ஒரு போல்ட் தலையோட உடைஞ்சு போச்சு. பின்னேரம் பாத்தால் கழட்டினது ஒரு பக்க ஸ்பிரிங் மட்டும். மாமா விறாந்தையில இருந்து தேத்தண்ணி குடிச்சபடி பாத்துக்கொண்டிருந்தார். "யூ போல்ட்டைப் பழசைத் திருப்பிப் பூட்டாதேங்கோ. அது ஒருக்கா இறுக்கினா இழுபட்டிடும். புதுசு வாங்குங்கோ." அவ்வளவுதான் சொன்னார். அது அவர் எங்களுக்கு மிச்சம் பிடிச்சுத் தந்த காசா, செலவழிக்க வைச்ச காசா எண்டு அண்டைக்குத் தெரியேல்லை.

ரெண்டாம் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவா எழுதவேணும். ஏனெண்டால் அண்டைக்கு எங்களில ஒருத்தனின்ர கால் போயிருக்கும்.

முதல்நாள் இரவு மழை பெய்திருந்தது. எங்கட வளவு முழுக்கச் செம்மண். செசிக்குக் கீழ முட்டுக் குடுக்கப் பாலைக் குத்தி ரெண்டு வைச்சிருந்தோம். ஸ்பிரிங்கின்ர துளை சக்கிளோட நேர்ப்படேல்லை எண்டு, ஒரு நிமிசத்துக்கு ஒரு பக்கக் குத்தியை எடுத்துவிட்டு ஜக்கில மட்டும் நிறுத்தினோம். ஜக்குக்குக் கீழ ஒரு பலகைத் துண்டுகூட வைக்கேல்லை. கடைசி ஆள் இடுப்புவரைக்கும் உள்ளுக்கு. அந்த நேரம் மாமா விறாந்தையில இருந்து எழும்பி வந்து, "கழட்டின சில்லை எங்கயடா போட்டனீங்கள்? அதைச் செசிக்குக் கீழ தள்ளுங்கோ முதல்" எண்டு கத்தினார். கொஞ்சம் எரிச்சலோட உருட்டித் தள்ளினோம். பத்து நிமிசம் இருக்காது. ஜக் ஈர மண்ணுக்குள்ள ஒரு பக்கம் சரிஞ்சு இறங்க, ஜீப் அந்தச் சில்லில வந்து குந்தினது. பெரிய சத்தம்கூட இல்லை, பூசணிக்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவன் வெளிய வந்து மண்ணைத் தட்டினான். ஒருத்தரும் கதைக்கேல்லை. ரெண்டு மணித்தியாலம் வேலையும் செய்யேல்லை.

வீட்டில இந்த வேலை செய்ய யோசிக்கிற ஆரும் இருந்தால், மிச்சம் எல்லாத்தையும் மறந்தாலும் பரவாயில்லை, ஜக் தூக்கிறதுக்கு மட்டும்தான், தாங்கிறதுக்கு இல்லை. மண் தரையெண்டால் கீழ தடிச்ச பலகை. கழட்டின சில்லு எப்பவும் செசிக்குக் கீழ. அந்த வீடியோக்காரர் இதையெல்லாம் செய்யிறார்தான், திருப்பிப் பாத்தோம். சீமெந்துத் தரையில, இரும்பு ஸ்ராண்டில, ஒரு வார்த்தையும் சொல்லாமல் செய்யிறார். அதால எங்கட கண்ணில அது படேல்லை.

மூண்டாம் நாள் பூட்டி முடிச்சோம். ஜீப் உயர்ந்துதான் நிண்டது. நாலு பேரும் சுத்திச்சுத்திப் படம் எடுத்தோம். ஸ்ரோரி போட்டோம். ஒழுங்கையில ஓடினோம். அம்பது தாண்டினதும் ஜீப் தன்பாட்டில இடமும் வலமும் அலையத் தொடங்கினது. வளைவில ஸ்ரேறிங்கைத் திருப்பிவிட்டால் அது நேருக்குத் திரும்பி வரேல்லை, நாங்கள்தான் இழுத்து எடுக்கவேணும். சந்தி கராஜ் அண்ணையிட்டக் கொண்டுபோனோம். அவர் குனிஞ்சு பாத்தார். பிறகு நிமிந்து எங்களைப் பாத்தார்.

"சைக்கிளின்ர முன் போர்க் சரிஞ்செல்லே நிக்குது? கையை விட்டாலும் நேராப் போறதில அந்தச் சரிவுக்கும் பங்கிருக்கு. இதுக்கும் அப்பிடி ஒரு சரிவு இருக்கு. முன் சக்கிளை நீட்டி அதைக் கெடுத்து வைச்சிருக்கிறியள். அதை விடுங்கோ, இதைப் பாருங்கோ."

அச்சைத் தொங்கவிட்டு, ஸ்ரேறிங்கை ஒரு அந்தத்துக்குத் திருப்பிக் காட்டினார். முன் பிரேக் ஹோஸ் கிற்றார்க் கம்பி மாதிரி விறைச்சு நிண்டது. ஒரு நல்ல குழியில சில்லு முழுசா இறங்கியிருந்தால் அது அறுந்திருக்கும். நாங்கள் ஸ்பிரிங்கை அளந்தோம், சக்கிளை அளந்தோம், ஹோஸை அளக்கேல்லை. போதாக்குறைக்கு, புஷ் போல்ட்டுகளைச் சில்லு அந்தரத்தில நிக்கேக்கயே இறுக்கிவிட்டிருந்தோம். வாகனத்தை நிலத்தில இறக்கி, அதின்ர பாரம் ஸ்பிரிங்கில வந்த பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்கவேணும். இல்லாட்டி ரப்பர் முறுகின நிலையிலயே நிண்டு கெதியாக் கிழிஞ்சு போகும்.

அதைவிட எங்களுக்கு நொந்தது அவர் கடைசியாக் கேட்டதுதான். "எதுக்கு உயத்தினனீங்கள்?" டிபரன்சல் இடிக்குது எண்டோம். அவர் சிரிச்சார். "ஸ்பிரிங்கை உயத்தினா பொடிதான் மேல போகும். டிபரன்சல் அச்சில எல்லே இருக்கு. அது இருந்த இடத்திலதான் இருக்கும். அதை உயத்திறதெண்டால் பெரிய ரயர் போட வேணும்."

கூட்டல் கழித்தல் தெரிஞ்ச ஆருக்கும் விளங்கிற விசயம். சில்லின்ர நடுவில இருந்து நிலம்வரைக்கும் என்ன உயரமோ அதுதான் அச்சின்ர உயரம். ரயரின்ர விட்டம் ரெண்டு இஞ்ச் கூடினால் அச்சு ஒரு இஞ்ச் எழும்பும். லிப்ட் கிட் செய்யிறது அந்தப் பெரிய ரயர் உரசாமல் சுத்த இடம் எடுத்துக் குடுக்கிறது. நாங்கள் இடத்தை எடுத்துக் குடுத்திட்டு அதே ரயரைப் பூட்டினோம். மூண்டு நாள் வேலைக்குப் பிறகும் அந்த மண் முதுகுக்கும் எங்கட டிபரன்சலுக்கும் இடைவெளி ஒரு நூல்கூடக் கூடேல்லை.

பிறகு இருந்து வாசிச்சோம், தொடங்க முதல் வாசிச்சிருக்க வேண்டியது. இந்த ஜீப்பின்ர 1.3 லீற்றர் வடிவத்தை அமெரிக்காவில சமுராய் எண்ட பேரில வித்தவங்கள். 1988இல் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை அது புரளுது எண்டு சொல்லி ஏற்கமுடியாத வாகனம் எண்டு மதிப்பிட்டது. சுசுக்கி 1996இல் வழக்குப் போட்டது. 2004இல் சமரசத்தில் முடிஞ்சது. ஆர் சரி எண்டு சொல்ல நாங்கள் ஆக்கள் இல்லை. ஆனா கம்பனி செய்த உயரத்திலயே இவ்வளவு சண்டை நடந்த வாகனத்தை நாங்கள் பூவரசுக்குக் கீழ வைச்சு இன்னும் ரெண்டரை இஞ்ச் தூக்கியிருக்கிறோம். ரெண்டு சில்லுக்கும் இடையில இருக்கிற அகலம் மாறேல்லை, பாரம் மட்டும் மேல போயிருக்கு.

இவ்வளவும் தெரிஞ்ச பிறகும் உடனே இறக்கினோமோ? இல்லை. ஹோஸை மட்டும் நீளமானதா மாத்திப்போட்டு ஓடித் திரிஞ்சோம். வடிவாத்தானே இருக்குது எண்ட நினைப்பு.

அம்மம்மாவுக்கு மாதத்தில ஒருக்கா கிளினிக். சீனி, பிரஷர். விடிய ஐஞ்சரைக்கு வெளிக்கிட்டால்தான் நம்பர் கிடைக்கும். வழக்கமா அவ தன்பாட்டில ஏறுவா. ஒரு கை சீற்றில, ஒரு கை கதவில, வலக்கால் உள்ளுக்க, ஒரு உந்தல். அண்டைக்கும் கையை வைச்சா, காலைத் தூக்கினா. கால் எட்டினது. உந்த ஏலேல்லை. முழங்கால் விடேல்லை. இறங்கி நிண்டு ஜீப்பை மேலயும் கீழயும் பாத்தா. "இது வளந்திட்டுதோடா?" எண்டு கேட்டா. நாங்கள் சிரிச்சோம். திரும்பவும் ஏறப் பாத்தா. நேரம் போகுது எண்டு எங்களில ஒருத்தன் பின்னால போய் அக்குளுக்குள்ள கையைக் குடுத்து அப்பிடியே தூக்கி இருத்தினான். சீலை முழங்கால்வரைக்கும் ஏறிப்போச்சு. அவ அதை இழுத்துவிட்டா, பையை மடியில வைச்சா, ஆஸ்பத்திரி வருமட்டும் ஒண்டும் கதைக்கேல்லை. அலையிற ஸ்ரேறிங்கை இழுத்திழுத்து ஓடினதில எங்களுக்கும் கதைக்க நேரமில்லை.

அடுத்த மாதம் கிளினிக் நாள் விடிய எழும்பிப் பாத்தால் அம்மம்மா இல்லை. பஸ்ஸில போயிட்டா. சந்திவரைக்கும் இருட்டில தனிய நடந்து. பின்னேரம் வந்தவவிட்ட, "பஸ்ஸின்ர படியும் உயரம்தானே அம்மம்மா" எண்டோம்.

"உயரம்தான். ஆனா பிடிக்கக் கம்பி இருக்கு. ஒருத்தரும் தூக்கத் தேவையில்லை."

அந்தச் சனிக்கிழமையே கழட்டினோம். புது நட், புது கிரீஸ், ஒண்டும் இறுகியிருக்கேல்லை. ஜக்குக்குக் கீழ பலகை, செசிக்குக் கீழ சில்லு, ரெண்டு பக்கமும் குத்தி. பழைய சக்கிளைத் திருப்பிப் போட்டோம். ஸ்ரேறிங் நேரானது. பின்னுக்கு நெல் மூட்டை ஏத்திறதால அங்க மட்டும் கூடப் போட்ட பிளேட்டை விட்டோம். கராஜ் அண்ணை ஒரு இரும்புக் குழாயை வளைச்சு, கதவுக்குப் பக்கத்துத் தூணில கைபிடி ஒண்டு வெல்ட் பிடிச்சார். கீழ ஒரு படி. ரெண்டுக்குமா அவர் எடுத்த காசு, நாங்கள் வெட்டின சக்கிளின்ர காசில அரைவாசியும் இல்லை.

அம்மம்மா முதல் நாள் கைபிடியை ஆட்டிப் பாத்துத்தான் ஏறினா. பெயின்ற் கையில ஒட்டினது எண்டு ஏசினா. நீளச் சக்கிள் நாலும் கொட்டிலுக்குள்ள கிடக்குது. நெல் காயவிடேக்க படங்கின்ர நாலு மூலைக்கும் மாமா அதைத்தான் பாரம் வைக்கிறார். ரெக்னிக்கல் கொலிஜ்காரன் இப்ப ரயர் சைஸ் பாத்துக்கொண்டிருக்கிறான். ஒரு இஞ்ச் பெரிசு போதுமாம், உரசாதாம். நாங்கள் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை. இந்த மாரிக்கும் அதே இடத்தில ஒருக்கா இறுகினோம். மம்பெட்டி பின்னுக்குக் கிடந்தது. இறங்கி நடுவில இருந்த மண்ணை வெட்டிப்போட்டு வந்தோம்.