மான் இல்லாத மான் தீவு

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே, கடலில் ஒரு குட்டித் தீவு. பெயர், மான் தீவு. அங்கே போனால் மானைத் தேடாதீர்கள்! வாலில்லாப் பூனைதான் பிரசித்தம். அதைவிடப் பிரசித்தம், 1907-ல் ஆரம்பித்த மோட்டார் சைக்கிள் பந்தயம்.

பஸ்ஸும் லாரியும் போகிற சாதாரண ரோடுதான் பந்தயப் பாதை. ஊரையும் மலையையும் சுற்றிவர சுமார் 60 கிலோமீட்டர். பாதையோரத்து ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

"முதல் வருஷமே நார்ட்டன் ஜயித்ததே!" என்பார் ஒருவர்.

"அதிலிருந்த எஞ்சின் பிரெஞ்சுக்காரர்களின் பூஜோ அல்லவா? 1959-ல் வந்த ஹோண்டாவைப் பாரும்!" என்பார் மற்றவர்.

நம் வீடுகளில் காப்பிப் பொடிக்காக நடக்கும் சண்டையேதான்!

1961-ல் மைக் ஹெயில்வுட் ஒரே வாரத்தில் மூன்று பந்தயங்களை ஜயித்தார். இரண்டு ஹோண்டாவில், ஒன்று நார்ட்டனில். வழக்கு தீர்ந்ததா? இல்லை; இரு கட்சியும் அவரையே சாட்சிக்கு இழுக்கின்றன!

ஆனால், அந்தப் பாதையில் இதுவரை உயிர்விட்ட வீரர்கள் 260-க்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது. வாசலைப் பார்த்துக் காத்திருந்த ஒருத்தி இருந்தாள். கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்தது வெறும் இரும்பா?

இனி, "எங்கள் வண்டிதான் உசத்தி" என்று யாராவது பெருமையடித்தால், "ஓட்டியவர் யார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.